அலிகார் மாணவர் இல்லம்: விதிகளும் விளைவுகளும்

ஒரு கல்விக்கூடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், பெரும்பாலும் அதன் கட்டடங்களையும் பாடத்திட்டங்களையும் அங்குப் பயின்று புகழ்பெற்றோரின் பெயர்களையும் எழுதி நிறைவு கொள்வர். மாணவன் எப்போது எழ வேண்டும், எந்த உடையில் வெளியே வர வேண்டும், யாரோடு அமர்ந்து உண்ண வேண்டும், எந்நேரத்துக்குள் வாயிலுக்குள் திரும்ப வேண்டும் என்ற சிறு சட்டதிட்டங்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு ஊர் திரும்பும் தந்தை முதலில் கேட்டறிவது இவற்றைத்தான். ஒரு கல்விக்கூடம் தன்னிடம் வருகிற இளைஞனை எத்தகைய மனிதனாக்க நினைக்கிறது என்பதைப் பாடநூல்களைக் காட்டிலும் விடுதி விதிகளே தெளிவாகச் சொல்லும்.

இந்திய முஸ்லிம்களின் அண்மைக்கால வரலாற்றில் இதற்குச் சிறந்த சான்று அலிகார். 1875-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் ஒரு சிறு மத்ரஸாவாகத் திறக்கப்பட்டு, 1877-இல் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியாக அடிக்கல் நாட்டப்பெற்று, 1920-இல் பல்கலைக்கழகமான அந்நிலையம், தொடக்க முதலே மாணவர் வாழ்க்கையை வகுப்பறைக்கு நிகராகக் கருதியது. அந்த வாழ்க்கைக்கு வகுக்கப்பட்ட விதிகள் இரண்டு நோக்கங்களைக் கொண்டிருந்தன. சிதறிக் கிடந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளை ஒரே குடும்பமாக்குவது ஒன்று. அவர்களை ஆட்சியாளர்க்கு உகந்த, அடங்கிய குடிமக்களாக்குவது மற்றொன்று. முதல் நோக்கம் வெற்றி பெற்றது. அது வெற்றி பெற்ற காரணத்தாலேயே இரண்டாம் நோக்கம் தோற்றது. அக்கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

கேம்பிரிட்ஜில் கண்டது

சர் ஸையித் அஹ்மத் கான் அவர்கள் 1869-இல் தம் மக்கள் ஸையித் ஹாமித், ஸையித் மஹ்மூத் ஆகிய இருவருடன் இங்கிலாந்து சென்றார்கள். 1870-இல் தாயகம் திரும்பும்வரை அந்நாட்டின் கல்விமுறையைக் கூர்ந்து நோக்கினார்கள். இளையவர் ஸையித் மஹ்மூத் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். இவரே பிற்காலத்தில் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியானவர்.

அன்றைய கேம்பிரிட்ஜ், இன்று நாம் அறிந்த பல்கலைக்கழகங்களைப் போன்றதன்று. அங்கே மாணவன் தேர்வு எழுதித் தேறினால் மட்டும் போதாது. குறிப்பிட்ட பருவங்கள் அங்கே தங்கியிருந்தான் என்பதும் பட்டத்துக்கு நிபந்தனை. உணவு மண்டபத்தில் எல்லாரோடும் அமர்ந்து உண்ண வேண்டும். கல்லூரித் தேவாலயத்துக்குச் செல்ல வேண்டும். இருட்டிய பின் தெருவில் நடந்தால் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்திருக்க வேண்டும். ‘பிராக்டர்’ எனப்படும் ஒழுங்கு அதிகாரி இரண்டு காவலாட்களுடன் இரவில் தெருக்களைச் சுற்றி வருவார். அங்கியின்றி அகப்பட்ட மாணவன் ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் அபராதம் கட்டுவான். இரவு பத்து மணிக்குக் கல்லூரிக் கதவு அடைபடும். அதன் பின் வருவோர் தண்டம் செலுத்தி உள்ளே வரலாம். நள்ளிரவைக் கடந்தால் குற்றம் பெரிது. ஆசிரியர்க்கும் விதிகள் இருந்தன. கல்லூரிகளின் ‘ஃபெல்லோ’க்களில் பெரும்பாலோர் திருமணம் செய்துகொண்டால் அப்பதவியை இழந்தார்கள். இந்நிலை 1882-இன் புதிய சட்டங்களுக்குப் பிறகே மாறியது.

இவ்விதிகளின் வேர் இடைக்காலக் கிறித்தவத் துறவு மடங்களில் இருக்கிறது. மாணவன் ஒருவகையில் துறவி. கல்லூரி ஒருவகையில் மடம். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதோர்க்குப் பல்கலைக்கழகத்தின் பல பதவிகள் 1871-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மூடியே கிடந்தன. ஆக, சர் ஸையித் அவர்கள் கண்டது, ஒரு மதத்தாரின் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக ஒரே அச்சில் வார்த்தெடுத்த ஏற்பாடு. அந்த அச்சின் மதம் வேறு. ஆனால் வார்க்கும் முறை அவர்களைக் கவர்ந்தது. அறிவை நூலிலிருந்து பெறலாம். பண்பைக் கூடி வாழ்வதிலிருந்தே பெற முடியும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். ஸையித் மஹ்மூத் 1873-இல் கேம்பிரிட்ஜை ஒட்டிய ஒரு கல்லூரித் திட்டத்தை வரைந்து கொடுத்தார். மாணவர் வளாகத்திலேயே தங்கிப் பயில்வது அதன் உயிர்நாடி.

வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள்

வட இந்தியாவின் உயர்குடி முஸ்லிம் வீடுகளில் அக்காலப் பிள்ளை வளர்ப்பு வேறு விதமாயிருந்தது. குர்ஆன் ஓதி முடித்த சிறுவனுக்கு வீட்டுத் திண்ணையிலோ முன்கூடத்திலோ உஸ்தாது ஒருவர் பார்ஸி கற்பிப்பார். ஏவலுக்கு ஆள் உண்டு. உறவினர் கூட்டம் உண்டு. ஆங்கிலப் பள்ளியை ஈமானுக்கு ஆபத்து என்று அஞ்சிய பெற்றோர் பலர். அரசுப் பள்ளியில் மார்க்கக் கல்வி இல்லை; மத்ரஸாவில் ஆங்கிலம் இல்லை. இந்த இரண்டு அச்சங்களுக்கும் விடையாகவே அலிகார் விடுதி முன்வைக்கப்பட்டது. ‘உங்கள் பிள்ளை ஆங்கிலம் படிப்பான், தொழுகையும் தவறமாட்டான்’ என்பதே பெற்றோர்க்கு அந்நிலையம் அளித்த வாக்குறுதி.

பழைய இராணுவக் குடியிருப்பாயிருந்த 74 ஏக்கர் நிலத்தில் விடுதிகள் எழுந்தன. நாற்புறமும் அறைகள் சூழ, நடுவே முற்றம் அமைந்த அந்தக் கட்டடங்களில் இன்றும் நன்கொடையாளர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஊரூராகத் திரட்டிய பணம் அது. மாணவர் அனுமதியின்றி வளாகத்தை விட்டு வெளியேறலாகாது. அறைகளை மேற்பார்வையிட அதிகாரிகளும், மாணவரிடையிலிருந்தே தெரிந்தெடுத்த பொறுப்பாளர்களும் இருந்தனர். 1883-இல் முதல்வராக வந்த தியோடர் பெக், கேம்பிரிட்ஜ் யூனியன் சங்கத்தின் தலைவராயிருந்த இளைஞர். கிரிக்கெட்டும் குதிரையேற்றமும் அவர் காலத்தில் செழித்தன. அவர் தூண்டுதலால் 1884-இல், முதல் முதல்வர் சிடன்ஸ் பெயரால், மாணவர் பேச்சு மன்றம் ஒன்று தோன்றியது. அவைத்தலைவரை விளித்துப் பேசுவது, மாற்றானின் வாதத்தைப் பொறுமையோடு கேட்பது, வாக்கெடுப்பின் முடிவுக்குத் தலைவணங்குவது ஆகிய ஒழுங்குகளை அம்மன்றம் பழக்கியது. பிற்காலத்தில் இந்திய அரசியல் மேடைகளில் முழங்கிய பல குரல்கள் பதம் பெற்ற இடம் அதுவே.

உடை

சர் ஸையித் அவர்கள் தம் ‘தஹ்ஸீபுல் அக்லாக்’ ஏட்டின் வாயிலாகக் கல்லூரி பற்றிய தம் கனவை மக்கள்முன் வைத்த நாளிலேயே உடைக்கு இடம் அளித்திருந்தார்கள். கறுப்பு அல்பாக்கா அங்கி, சிவப்புத் துருக்கித் தொப்பி, காலுறை, காலணி என்று அது வரையறுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் அங்கியும் உதுமானியத் தலையணியும் ஒன்று சேர்ந்த கோலம் அது. காலப்போக்கில் அங்கி துருக்கிக் கோட்டாகி, பின்னர்க் கறுப்பு ஷேர்வானியாக நிலைபெற்றது.

இதை வெறும் அலங்காரமாக எண்ணுதல் பிழை. அன்றைய வட இந்தியாவில் தலைப்பாகையின் கட்டு, மேலங்கியின் வெட்டு, செருப்பின் வளைவு ஆகியவை ஒருவன் எந்த ஊரான், எந்தக் குலத்தான், தில்லிக்காரனா லக்னோக்காரனா என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரே நிறக் கோட்டும் ஒரே தொப்பியும் அந்த அடையாளங்களை மறைத்தன. ஜமீன்தார் மகனையும் எழுத்தர் மகனையும் தொலைவிலிருந்து பார்ப்பவன் வேறுபடுத்திக் காண இயலாது. இருவரும் ‘அலிகார் மாணவர்’ மட்டுமே. கவிஞர் ஹஸ்ரத் மோஹானி அலிகார் வந்து சேர்ந்த நாளில், பழைய பாணி உடையும் கையில் வெற்றிலைப் பெட்டியுமாய் இறங்கியதைக் கண்ட மாணவர்கள் அவருக்கு ‘காலா அம்மா’, அதாவது சின்னம்மா, என்று பெயர் சூட்டி மகிழ்ந்தனர் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தச் ‘சின்னம்மா’தான் 1921-இல் அகமதாபாத் காங்கிரஸில் முழு விடுதலை கோரித் தீர்மானம் கொண்டுவந்தவர். உடை மனிதனை மாற்றுவதுண்டு, முழுதும் மாற்றிவிடுவதில்லை.

உணவு

கூடி உண்பதன் பெருமையை நமக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஸஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் விருந்து வழக்கம் நம் ஊர்களில் இருந்து வருவதே. எனினும் குடும்பப் பெருமையில் ஊறிய பிள்ளைகளை, நாள்தோறும், உறவினர் அல்லாதாரோடு ஒரே மண்டபத்தில் ஒரே உணவுக்கு அமரச் செய்வது எளிய செயலன்று. சர் ஸையித் அவர்களின் திட்டத்தில் இங்கே ஒரு நுட்பம் உண்டு. துருக்கியர்போல மேசையில் உண்பதா, அரபியர்போலத் தரையில் அமர்ந்து உண்பதா என்பதை மாணவர்களே கூடித் தீர்மானிக்கட்டும் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். கூடி உண்ண வேண்டும் என்பது மாற்ற முடியாத விதி. எப்படி உண்பது என்பது மாணவர் உரிமை. விதி இயற்றுவோர் எல்லாரும் கவனிக்கத்தக்க பாகுபாடு இது.

அலிகார் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரிய கல்லூரியாக இருந்ததில்லை. 1881-இல் அங்கிருந்து வெளிவந்த முதல் பட்டதாரி ஈசுவரி பிரசாத் என்னும் இந்து மாணவர். இந்து மாணவர்க்கு அவர்தம் வழக்கப்படி உண்ணத் தனி ஏற்பாடு இருந்தது. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளின்போது மாணவர் சிலர் குர்பானிக்கென மாடு வாங்கிவிட்டதை அறிந்த சர் ஸையித் அவர்கள் உடனே சென்று அதைத் தடுத்துவிட்டதாக, அவர்களின் வாழ்க்கை வரலாற்றை ‘ஹயாத்தே ஜாவீத்’ என்னும் பெயரில் 1901-இல் எழுதிய மௌலானா அல்தாஃப் ஹுஸைன் ஹாலி பதிவு செய்கிறார். மார்க்கம் அனுமதித்த ஒன்றையும், உடன்பயில்வோர் மனம் நோகாதிருக்கும் பொருட்டு விட்டுக்கொடுக்கலாம் என்பது அங்கே கற்பிக்கப்பட்ட பாடம்.

தொழுகையும் ஓதலும்

பெற்றோர்க்கு அளித்த வாக்குறுதியின் முதற்பகுதி தொழுகை. வளாகத்தில் வாழும் முஸ்லிம் மாணவர் தொழுகைக்கு வருவது கட்டாயமாயிருந்தது. வராதவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 1879-இல் தொடங்கிய பள்ளிவாசல் கட்டுமானம், பணம் வரவர மெல்ல வளர்ந்து 1915 வாக்கில் நிறைவெய்தியது. 1898 மார்ச் 27-ஆம் நாள் மறைந்த சர் ஸையித் அவர்கள் அந்தப் பள்ளியின் அருகிலேயே அடக்கமாகியுள்ளார்கள்.

ஸுன்னத் ஜமாஅத்தினர்க்கும் ஷீஆக்களுக்கும் தனித்தனி மார்க்கப் பாடமும், அவற்றுக்கெனத் தனித்தனிக் குழுக்களும் அமைக்கப்பட்டன. அதே வேளையில் உடை, உணவு, விளையாட்டு, பேச்சு மன்றம் யாவற்றிலும் இருவரும் ஒன்றாகவே வாழ்ந்தனர். இங்கு மற்றொன்றும் நினைக்கத்தக்கது. சர் ஸையித் அவர்களின் மார்க்க விளக்கங்களை உலமாக்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். அந்த எதிர்ப்புக் கல்லூரியைத் தாக்கிவிடலாகாது என்பதற்காக, அவர்கள் மார்க்கக் கல்வியின் பொறுப்பிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டார்கள். தாம் நிறுவிய கல்லூரியில் தம் கொள்கையைக் கற்பிக்கவில்லை. மாணவர்க்கு விதித்த விதிகளைவிட, நிறுவனர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட இந்த விதி கடினமானது.

எனினும் கட்டாயம் எவ்வளவு தூரம் பயன் தந்தது? இதற்கு மௌலானா முஹம்மது அலி சிறையிலிருந்தபோது எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1942-இல் நூலாக வெளிவந்த தன்வரலாறு ஒரு விடை தருகிறது. பாடவேளையில் திணிக்கப்பட்ட மார்க்கக் கல்வி தமக்கு அதிகம் தரவில்லை என்று அவர் வருந்துகிறார். அதே நூலில் வேறொரு காட்சி வருகிறது. அல்லாமா ஷிப்லி நுஃமானி அலிகாரில் ஆசிரியராயிருந்த காலம். கல்லூரி மாணவர்க்கு நாள்தோறும் சிறிது நேரம் குர்ஆன் விளக்கவுரை நிகழ்த்துவார். முஹம்மது அலியோ அப்போது பள்ளி வகுப்பு மாணவர். உள்ளே அமர அவருக்கு உரிமையில்லை. ஆகவே வாயிலருகே நின்று ஒட்டுக் கேட்பார். அதைக் கண்டுகொண்ட ஷிப்லி, சிறுவனை விரட்டவில்லை, கேட்க அனுமதித்தார். கட்டாயப் பாடத்தில் கிட்டாத ஒன்று, விதியை மீறி வாயிலில் நின்ற சிறுவனுக்குக் கிட்டியது. கிலாஃபத் இயக்கத்தை நடத்திய அந்தத் தலைவரின் உள்ளத்தில் குர்ஆன் இடம்பிடித்த வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்கும் பங்குண்டு.

எழுதாச் சட்டங்கள்

எந்தப் பழைய பல்கலைக்கழகத்திலும் அலுவலகத்தில் அச்சிட்டுத் தொங்கும் விதிகள் ஒருபுறம். மாணவரே தமக்குள் இயற்றிக்கொண்ட எழுதாச் சட்டங்கள் மறுபுறம். அலிகாரில் பின்னவை மிக வலிமையானவை. மூத்த மாணவர் எதிர்ப்பட்டால் இளையவர் முதலில் ஸலாம் கூற வேண்டும். ஷேர்வானி அணிந்தால் பொத்தான்களைத் திறந்து போட்டுக்கொண்டு திரியலாகாது. மூத்தவரும் இளையவரும் ஒன்றாகத் தேநீர்க் கடைக்குச் சென்றால் பணம் கொடுப்பது மூத்தவர் கடன். இளையவன் பையில் கைவிடுவது மரியாதைக் குறைவு. புதிதாய் வந்தோரை மூத்தோர்முன் நிறுத்திக் கேலியும் கேள்வியுமாய் அறிமுகப்படுத்தும் இரவு ஒன்றும் உண்டு. அக்கேலி சில வேளை எல்லை மீறியிருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று கேலி செய்த மூத்தவனே, அவ்விளையவன் நோயுற்றால் அருகிருந்து பார்க்கவும், பணமின்றித் தவித்தால் கொடுத்துதவவும் கடமைப்பட்டவன்.

இந்த எழுதாச் சட்டங்களின் மிகச் சிறந்த விளைவு, 1890-இல் தோன்றிய ‘அஞ்சுமனுல் ஃபர்ள்’ என்னும் கடமைச் சங்கம். மாணவராயிருந்த ஸாஹிப்ஸாதா ஆஃப்தாப் அஹ்மத் கான் இதன் முதல்வர். ஏழை மாணவர் படிப்புக்கு உதவித்தொகை திரட்டுவது இதன் நோக்கம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், ஓய்வெடுப்பதற்குப் பதிலாக ஊரூராய்ச் சென்று, கை நீட்டிச் சந்தா வசூலித்து வந்தனர். கேட்பது இழிவு என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள், பிறர் மகனுக்காகக் கேட்பது இழிவன்று எனக் கற்றனர். இதைச் செய்யுமாறு எந்த அதிகாரியும் விதி இயற்றவில்லை. இச்சங்கம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் வாழ்ந்தது.

பிணைத்த கயிறு

உடையால், உணவால், தொழுகையால், எழுதாச் சட்டங்களால் பிணைக்கப்பட்ட இந்த மாணவர் குடும்பம், கல்லூரி அதிகாரிகள் எதிர்பாராத திசையில் தன் ஒற்றுமையைக் காட்டத் தொடங்கியது. 1907 பிப்ரவரியில் அலிகார் பொருட்காட்சியில் மாணவர் ஒருவர்க்கும் காவலர்க்கும் பூசல் மூண்டது. அன்றைய முதல்வர் ஆர்ச்போல்ட் மாணவர்மீது நடவடிக்கை எடுத்ததும், ஒருவருக்கு நேர்ந்தது எல்லார்க்கும் நேர்ந்தது என்று கொண்டு மாணவர் அனைவரும் வேலைநிறுத்தம் செய்தனர். கல்லூரியை மூட நேர்ந்தது. ஒரே கோட்டு அணியக் கற்பித்தவர்கள், ஒரே குரலில் பேசவும் தாம் கற்பித்துவிட்டதை அன்று உணர்ந்தனர்.

1912-இல் பால்கன் போர் மூண்டபோது, மாணவர்கள் தம் உணவைக் குறைத்து மிச்சம் பிடித்த பணத்தைத் துருக்கிக்கு அனுப்பினர். கூடி உண்ணப் பழகியவர்கள் கூடிப் பசித்திருக்கவும் அறிந்திருந்தனர். டாக்டர் எம். ஏ. அன்ஸாரி தலைமையில் துருக்கிக்குச் சென்ற மருத்துவக் குழுவில் அலிகாரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் ஸித்தீக்கி, ஷுஐப் குறைஷி, கலீக்குஸ்ஸமான் ஆகியோரும் இடம்பெற்றனர்.

பெரும் சோதனை 1920 அக்டோபரில் வந்தது. காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகார் வந்து, அரசு மானியத்தைத் துறக்குமாறு கல்லூரியையும், மறுத்தால் கல்லூரியைத் துறக்குமாறு மாணவரையும் வேண்டினர். நிர்வாகிகள் இணங்கவில்லை. பிள்ளைகள் எப்பக்கம் நிற்பது? காந்தியடிகள் அலிகார் மாணவரின் பெற்றோர்க்கே ஒரு கடிதம் எழுதி வெளியிட்டார். அன்று எத்தனை வீடுகளில் தந்தையும் மகனும் எதிரெதிராய் நின்றிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ‘படித்து உத்தியோகம் பெறுவான்’ என்று நிலத்தை விற்று அனுப்பிய தந்தையின் கோபமும் நியாயம். மனச்சாட்சியின் குரலைக் கேட்ட மகனின் துணிவும் நியாயம். அக்டோபர் 29-ஆம் நாள், கல்லூரிப் பள்ளிவாசலிலேயே, ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் அவர்களின் தலைமையில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா உதயமாயிற்று. வெளியேறிய மாணவர் வளாகத்துக்கு வெளியே கூடாரங்களிலும் வாடகை வீடுகளிலும் தங்கிப் படித்தனர். 1925-இல் அது தில்லிக்கு இடம் பெயர்ந்தது.

வெளியேறியவர்களில் ஒருவர் டாக்டர் ஜாகிர் ஹுஸைன். பின்னாளில் ஜாமிஆவின் துணைவேந்தராக இருந்தபோது, மாணவர் காலணிகளைத் துப்புரவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்ன விதி பின்பற்றப்படவில்லையாம். ஒருநாள் காலையில் அவரே தூரிகையும் மெருகுமாய் வாயிலில் அமர்ந்து, வருகின்ற மாணவரின் காலணிகளைத் துடைக்கத் தொடங்கினார் என்று அவரை அறிந்தோர் சொல்லி வந்தனர். அதன் பின் எவருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. 1948 முதல் 1956 வரை அவரே அலிகார்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக அமர்ந்து, பிரிவினைக்குப் பின் தளர்ந்திருந்த அந்நிலையத்தைத் தாங்கி நிறுத்தினார். 1920-இல் விதியை மீறி வெளியேறிய மாணவரே அவ்வில்லத்தைக் காக்கத் திரும்பி வந்தார் என்பதை மறவாதிருப்போம்.

மதிலுக்கு உள்ளே

மாணவியர்க்கு வகுத்த விதிகளைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. சர் ஸையித் அவர்களின் திட்டத்தில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. அவர்கள் இங்கிலாந்தில் இருந்த அதே 1869-இல்தான் கேம்பிரிட்ஜைச் சார்ந்த பெண்கள் கல்லூரியான கிர்ட்டன் தொடங்கியது. ஆனால் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழு உரிமையோடு பட்டமளிக்க 1948 வரை காத்திருந்தது. அலிகாரில் ஷைகு அப்துல்லாஹ்வும் அவர் துணைவியார் வஹீத் ஜஹான் பேகமும் 1906-இல் பெண்களுக்கென ஒரு சிறு பள்ளி தொடங்கினர். எதிர்ப்பு மிகுந்திருந்தது. மூடிய பல்லக்குகளும் உயர்ந்த மதிலும் இன்றி எந்தத் தாயும் மகளை அனுப்ப முன்வராத காலம் அது. அந்த மதில், அன்று சிறையாக அல்ல, கல்விக்கு வழிவிடும் சமாதானமாகவே எழுப்பப்பட்டது. அதனுள் பயின்று வெளிவந்தோரில் டாக்டர் ரஷீத் ஜஹானும் எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயும் குறிப்பிடத்தக்கவர்கள்.

1920-இல் அலிகார் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் வேந்தராக வீற்றிருந்தவர் போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம் அவர்கள். வேந்தர் பெண், ஆயினும் மாணவியர்க்குப் பல வாயில்கள் அடைபட்டேயிருந்தன. காலம் மாறிய பின்னும் விதி மாறாமல் நிற்பதுண்டு. மகளிர் கல்லூரி இளநிலை மாணவியர் மௌலானா ஆஸாத் நூலகத்தில் அமர்ந்து படிக்க இயலாத நிலை 2014-இல் பெரும் விவாதமாகி, அலகாபாத் உயர்நீதிமன்றம் வரை சென்ற பின்னரே வழி பிறந்தது. 1906-இல் பெண்ணைக் கல்விக்கு அழைத்து வந்த மதிலே, நூற்றாண்டு கழித்து அவளை நூலகத்திலிருந்து தடுப்பதாக ஆகிவிட்டது. எக்காரணத்துக்காக ஒரு விதி பிறந்ததோ அக்காரணம் மறைந்த பிறகும் அதைக் காத்து நிற்பது, விதியை இயற்றியவர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது. 2024-இல் அதே பல்கலைக்கழகத்தில் பயின்று, மகளிர் கல்லூரியின் முதல்வராயிருந்த பேராசிரியர் நயீமா காத்தூன், அதன் துணைவேந்தராக அமர்ந்த முதல் பெண்மணி ஆனார்.

நமக்கு உரைப்பது

அலிகாரின் அலை தென்னாட்டையும் தொட்டது. சர் ஸையித் அவர்கள் தொடங்கிய முஹம்மதன் கல்வி மாநாடு 1901-இல் சென்னையில் கூடியது. பின்னர் வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியும், 1951-இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தன. விடுதியில் பிள்ளையைச் சேர்க்கும் கவலையும், விதிகளைக் கண்டு முணுமுணுக்கும் பிள்ளையின் குறையும் நம் குடும்பங்களுக்குப் பழகியவையே.

அலிகாரின் வரலாறு இரு சாராருக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறது. அபராதத்தாலும் கண்காணிப்பாலும் நிலைநாட்டப்பட்ட விதிகள், கண்காணித்தவர் போனதும் தேய்ந்தன. முதல்வர்கள் பெரிதும் போற்றிய அரச விசுவாசம் 1920-இல் சில நாட்களில் கலைந்தது. அன்றாட உடையாயிருந்த ஷேர்வானியும் விழா நாள் உடையாகச் சுருங்கிவிட்டது. மாறாக, மாணவர் தமதென ஏற்றுக்கொண்டவை நீடித்தன: முந்திக்கொண்டு ஸலாம் கூறுவது, இளையவனுக்காகத் தன் பையைத் திறப்பது, ஏழை மாணவனுக்காகக் கை நீட்டுவது, உடன் உண்டவனைத் துன்பத்தில் கைவிடாதிருப்பது. இவற்றைக் காக்க எந்தப் பிராக்டரும் தேவைப்படவில்லை.

ஆகவே பிள்ளையை விடுதியில் சேர்க்கும் பெற்றோர், அங்கு எத்தனை விதிகள் உள்ளன என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. அவ்விதிகளில் எவற்றை மாணவர் தாமே விரும்பிக் காக்கின்றனர், விதி இயற்றியோர் தம்மை எவற்றுக்கு உட்படுத்திக்கொண்டுள்ளனர் என்றும் கேட்க வேண்டும். அவ்விரண்டுக்கும் நல்ல விடை கிடைக்கும் இல்லத்தில் நம் மக்களை நம்பி விட்டுவரலாம்.